கைப்பேசி மந்தமாவதும் பழுதுபார்க்க முடியாமல் போவதும்: ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் எந்தக் கைப்பேசிக் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அப்டேட் போட்டதிலிருந்து போன் ஒரே ஸ்லோ. புதுசு வாங்க வைக்கத்தான் கம்பெனிக்காரன் இப்படிப் பண்றான்." பக்கத்தில் நிற்பவர் ஆமாம் போடுவார். இன்னொருவர், திரையை மாற்றியதும் முகம் பார்த்துத் திறக்கும் வசதி போய்விட்ட கதையைச் சொல்வார். மூன்றாமவருக்குப் பிரிண்டர் மை மேல் கோபம். கடைசியில் எல்லாம் ஒரே குற்றச்சாட்டாகச் சேர்ந்துவிடும்: தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே பொருளைக் கெடுக்கிறார்கள்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அதற்குள் தனித்தனியான மூன்று காரியங்கள் கலந்து கிடக்கின்றன. பேட்டரி தேய்ந்ததால் கைப்பேசியின் வேகம் குறைக்கப்படுவது ஒன்று. புதிய மென்பொருள் பழைய கருவிக்குப் பாரமாவது இன்னொன்று. பொருள் நல்லபடியாக இருந்தும் வெளிக்கடையில் பழுதுபார்க்க விடாமல் மென்பொருளால் பூட்டிவைப்பது மூன்றாவது. முதலாவதற்கு மலிவான மருந்து இருக்கிறது. இரண்டாவதை ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாவதுதான் நாம் குரல் கொடுக்க வேண்டிய இடம். மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதால், ஒரு பேட்டரியோடு முடிந்திருக்க வேண்டிய செலவு புதுக் கைப்பேசித் தவணையில் போய் நிற்கிறது.

தோட்டத்து ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, எத்தனையோ வீடுகளில் அண்ணனும் தங்கையும் ஒரே பழைய கைப்பேசியில் முறை வைத்துப் பாடம் படித்தார்கள். இன்று வங்கிக் கணக்கும் மின்பணப்பையும் பள்ளி வாட்ஸ்அப் குழுவும் அதே கருவிக்குள்தான் இருக்கின்றன. அது இரண்டு வருஷம் உழைக்கிறதா, ஐந்து வருஷம் உழைக்கிறதா என்பது குடும்பக் கணக்கையே மாற்றும்.

பேட்டரி தேய்ந்தால் என்ன ஆகிறது

தோட்டத்தின் பழைய லயத்து (வரிசையாகக் கட்டிய தொழிலாளர்) வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வரிசைக்கெல்லாம் சேர்த்து மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் ஒன்று. குழாய் புதிதாக இருந்தவரை, விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் அவசரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்தாலும் தண்ணீர் கொட்டும். வருஷங்கள் போகப் போகக் குழாயின் உள்ளே துரு படிந்து வழி குறுகிவிடும். அதன்பிறகு ஒரு வீட்டில் மட்டும் திறந்தால் குறை தெரியாது. எல்லாரும் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். தொட்டியிலோ பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும்.

கைப்பேசி பேட்டரியிலும் இதேதான் நடக்கிறது. அதில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. லித்தியம் அணுக்கள் மின்னேற்றம் பெற்ற நிலையில் இரண்டு தகடுகளுக்கு இடையே போய்வந்து மின்சாரத்தைச் சேமித்துத் தரும் வகை அது. போய்வரும் ஒவ்வொரு முறையும் உள்ளே சிறிதளவு வேதிக் கழிவு படலமாகப் படிகிறது. அந்தப் படலம்தான் நம் துரு. அது கூடக் கூட, மின்சாரம் வெளியே வருவதற்குப் பேட்டரியே கொடுக்கும் தடையும் கூடுகிறது. இதற்கு உள்மின்தடை என்று பெயர். திரையில் நாம் பார்க்கும் விழுக்காடு தொட்டியில் இருக்கும் தண்ணீரின் அளவை மட்டுமே காட்டும். குழாயின் நிலையை அது சொல்லாது.

குழாயில் தண்ணீருக்கு இருக்கும் அழுத்தம் போல, மின்சாரத்தைத் தள்ளும் விசைக்கு மின்னழுத்தம் என்று பெயர். அதை வோல்ட்டில் அளக்கிறோம். பேட்டரி பாதி நிலையில் ஏறக்குறைய 3.8 வோல்ட் தரும் என்று வைத்துக்கொள்வோம். கேமராவைத் திறக்கும் கணத்தில் கைப்பேசி திடீரென்று 3 ஆம்பியர் அளவு மின்சாரத்தை இழுக்கிறது. உள்மின்தடை 0.1 ஓம் என்றால் 0.3 வோல்ட் குறையும், மீதி 3.5 இருக்கும், கவலையில்லை. தேய்ந்த பேட்டரியில் அதே தடை 0.3 ஓம் ஆகிவிட்டால் 0.9 வோல்ட் குறையும், மீதி 2.9 மட்டுமே. கைப்பேசியின் பாகங்கள் வேலை செய்யக் குறைந்தபட்ச அழுத்தம் ஒன்று தேவை. அதற்குக் கீழே போனதும் கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். (கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை, மாடலுக்கு மாடல் மாறும்.) 30 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி, படம் எடுக்கப் போகும்போது பொசுக்கென்று அணைந்துபோவதன் காரணம் இதுதான்.

தேய்மானத்தை விரைவுபடுத்துவதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆப்பிள் தன் கைப்பேசிகளை 35 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நம் ஊரில் மதிய வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் கூடைக்குள்ளும், கார் கண்ணாடிக்குக் கீழேயும் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். செம்பனைக் காட்டில் வேலை முடியும்வரை கைப்பேசியை வெயில் படும் மோட்டாரில் விட்டுப் போகிறவர்களின் பேட்டரி சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியம் இல்லை. பையில் வைத்து நிழலில் தொங்கவிட்டாலே பேட்டரியின் ஆயுள் கூடும்.

வேகத்தைக் குறைப்பது எப்படி உதவுகிறது

கைப்பேசியின் மூளையாக இருக்கும் சில்லுக்கு புரோசசர் என்று பெயர். அது எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு மின்சாரத்தை ஒரே வீச்சில் இழுக்கும். அதன் உச்ச வேகத்தைக் குறைத்துவிட்டால் அந்த வீச்சும் குறையும், மின்னழுத்தம் விழாது, கருவி அணையாது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள் என்று கட்டுப்பாடு போடுவது மாதிரி. தண்ணீர் மெதுவாக வரும், ஆனால் வரும்.

இதை நேர்மையான ஏற்பாடு என்றே சொல்வேன். அவசரத்துக்கு மருத்துவமனையைக் கூப்பிடும்போது அணைந்துபோகும் கைப்பேசியைவிட, மந்தமாக இருந்தாலும் உயிரோடு இருக்கும் கைப்பேசி மேல்.

2017இல் ஆப்பிள் செய்ததும் சொல்லாமல் விட்டதும்

ஐபோன் 6, 6எஸ் வகைகள் திடீர் திடீரென்று அணைவதாக 2016இல் புகார்கள் குவிந்தன. 2017 ஜனவரியில் ஆப்பிள், ஐபோனை இயக்கும் ஐஓஎஸ் மென்பொருளின் 10.2.1 என்ற அப்டேட்டை வெளியிட்டது. அணைவது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அடுத்த மாதமே அறிவித்தது. எப்படிக் குறைந்தது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் விஷயம் வெளியே வந்தது. பழைய ஐபோனில் பேட்டரியை மாற்றியதும் வேகம் பழையபடி திரும்பியதை ஒருவர் இணையத்தில் எழுதினார். கருவிகளின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், தன்னிடம் சேர்ந்திருந்த அளவீடுகளை அப்டேட் வாரியாகப் பிரித்துப் பார்த்தார். பழைய அப்டேட்டில் ஓடிய 6எஸ் கைப்பேசிகள் பெரும்பாலும் ஒரே வேகத்தில் இருந்தன. புதிய அப்டேட்டில் ஓடியவையோ பல படிகளாகக் கீழே இறங்கியிருந்தன. மென்பொருள் பாரம் மட்டும் காரணமாக இருந்தால் எல்லாக் கருவியும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருக்கும். படிப்படியாகக் குறைந்தது என்றால், ஒவ்வொரு கருவியின் பேட்டரி நிலையைப் பார்த்து வேகம் மட்டுப்படுத்தப்படுகிறது என்று அர்த்தம். சில நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. டிசம்பர் 28ஆம் தேதி மன்னிப்புக் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுவதற்கும் 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3இல் பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கத்தையும், கட்டுப்பாட்டை உரிமையாளரே நீக்கிக்கொள்ளும் வழியையும் சேர்த்தது.

லயத்துக்குத் திரும்பிப் போனால், குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிர்வாகம் இரவோடு இரவாக வால்வைத் திருகிவிட்டுப் போனதற்குச் சமம் இது. தண்ணீர் ஏன் மெதுவாக வருகிறது என்று தெரியாத சனங்கள், தொட்டியே போய்விட்டது என்று நினைத்துப் புதுத் தொட்டிக்குப் பணம் திரட்டுகிறார்கள். மாற்ற வேண்டியிருந்ததோ குழாய் மட்டும்.

தண்டனைகளும் இந்த மறைப்பைத்தான் குறிவைத்தன. பயனீட்டாளர்களுக்குத் தெரிவிக்காததற்காக 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முன் 2018 அக்டோபரில் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், வேறோர் அப்டேட் விவகாரத்தில் சாம்சுங்குக்கு 50 லட்சம் யூரோவும் விதித்திருந்தது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுக்க ஆப்பிள் 2020இல் சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

சூடு காரணமாகக் குறைப்பது

பேட்டரி புத்தம் புதிதாக இருந்தாலும் வேகம் குறையும் நேரம் ஒன்று உண்டு. நெடுநேரம் விளையாட்டு ஓடினால் புரோசசர் கொதிக்கும். கையைச் சுடாமலும் சில்லு கெடாமலும் இருக்க எல்லாக் கைப்பேசியும் அப்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறியதும் சரியாகிவிடும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

2022இல் சாம்சுங் மாட்டிக்கொண்டது வேறு காரணத்துக்காக. கேலக்ஸி எஸ்22 வகையில் இருந்த ஒரு விளையாட்டு மேலாண்மை மென்பொருள், பல செயலிகளை அவற்றின் பெயரைப் பார்த்தே மட்டுப்படுத்தியது. வேகத்தை அளக்கும் சோதனைச் செயலிகளை மட்டும் விட்டுவிட்டது. கடையில் அளந்தால் ஒரு வேகம், வீட்டில் பயன்படுத்தினால் வேறு வேகம். கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து எஸ்10 முதல் எஸ்22 வரையான கைப்பேசிகளை நீக்கியது. சாம்சுங் பிறகு அந்தக் கட்டுப்பாட்டை உரிமையாளரே நீக்கிக்கொள்ள வழி செய்தது. வாங்கும்போது காட்டிய வேகத்தைப் பின்னால் எடுத்துக்கொள்வது, எடை போடும்போது தராசில் விரல் வைப்பதோடு சேரும். சூட்டைக் காரணம் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது.

புதிய மென்பொருளின் பாரம்

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் செயலிகள் பெரிதாகின்றன. அவை புதிய கைப்பேசிகளை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. பழைய கருவியில் நினைவகம் குறைவு. சேமிப்பிடம் நிரம்பி வழிந்தால் மந்தம் இன்னும் கூடும். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களையும் காணொளிகளையும் அழித்தாலே பல கைப்பேசிகள் மூச்சுவிடத் தொடங்கும். இங்கே சதி எதுவும் தேவைப்படவில்லை. அப்டேட்டுக்குப் பயந்து அதைப் போடாமலே இருப்பதும் ஆபத்து. வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசியில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அந்த அப்டேட்தான்.

இதுவரை பார்த்ததில், பேட்டரியையும் சூட்டையும் காரணமாக வைத்து வேகத்தைக் குறைப்பது தொழில்நுட்பத் தேவையிலிருந்து பிறந்தது. அதை மறைத்ததுதான் தவறு. அடுத்து வருவதற்கு அப்படிப்பட்ட தேவை பல இடங்களில் கிடையாது.

மூன்றாவது காரியம்: பூட்டு

முன்பெல்லாம் ஒரு பாகம் கெட்டால் அதே அளவில் இன்னொரு பாகத்தை வைத்துவிடலாம். பொருந்தினால் ஓடும். இன்றைய கருவிகளில் திரை, பேட்டரி, கேமரா என்று பல பாகங்களுக்குள் தனித்தனி வரிசை எண் தாங்கிய சிறு சில்லு இருக்கிறது. தொழிற்சாலையில் அந்த எண்களை மூலப்பலகை என்னும் தாய்ச் சுற்றுப்பலகையோடு பதிந்துவைக்கிறார்கள். இதைப் பாகப் பிணைப்பு என்று சொல்லலாம். பிற்பாடு எண் மாறினால், பாகம் நல்லதாகவே இருந்தாலும் மென்பொருள் அதை அந்நியனாகப் பார்க்கும். சில நேரம் எச்சரிக்கை மட்டும் காட்டும். சில நேரம் ஒரு வசதியையே நிறுத்திவிடும். பதிவை மாற்றி எழுதும் கருவியோ தயாரிப்பாளரிடமும் அவர் அனுமதித்த நிலையங்களிடமும் மட்டும் இருக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016இல் நடந்ததைப் பாருங்கள். விரல் ரேகை பதியும் பொத்தானை வெளிக்கடையில் மாற்றியிருந்த ஐபோன் 6 கைப்பேசிகள், அப்டேட் போட்டதும் 'பிழை 53' என்று காட்டி மொத்தமாகச் செத்தன. படங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் உள்ளே அடைபட்டன. ஆப்பிள் பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டு, அவற்றை உயிர்ப்பிக்கும் அப்டேட்டை வெளியிட்டது. ஆனால் வெளிக்கடையில் பழுதுபார்த்ததால் உங்களுக்கு இனி எந்த நிவாரணமும் கிடையாது என்று ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களிடம் முன்பு சொல்லியிருந்தது. அதற்காக அந்நாட்டு நீதிமன்றம் 2018இல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அடுத்து 2021இல் ஐபோன் 13. திரையை மாற்றினால், அது அசல் ஆப்பிள் திரையாகவே இருந்தாலும், முகம் பார்த்துத் திறக்கும் வசதி போய்விட்டது. முகத்தைப் படிக்கும் கேமராவோ தொடப்படாமல் அதே இடத்தில் இருந்தது. அதைச் சரிசெய்ய, பழைய திரையில் இருந்த நெல்முனை அளவுச் சில்லைப் பெயர்த்து, நுண்ணோக்கிக்குக் கீழே புதிய திரையில் பற்றவைக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரைப் போன்ற இடத்தில் இரவுச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஸ்க்ரூடிரைவரும் சூடேற்றும் தகடும் வைத்துப் பிழைக்கும் ஒரு தம்பியால் எப்படி முடியும்? வாடிக்கையாளர் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும். உலகம் முழுவதும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பர் அப்டேட்டில் ஆப்பிள் இதை நீக்கியது. மென்பொருளில் ஒரு மாற்றத்தால் நீக்க முடிந்தது என்றால், தடை வந்ததும் மென்பொருளிலிருந்துதான்.

கைப்பேசியோடு இது நிற்பதில்லை. பிரிண்டர் மைக்குப்பியிலும் இப்படி ஒரு சில்லு உண்டு. 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பல, நேற்றுவரை ஏற்றுக்கொண்ட மலிவான வெளிக் குப்பிகளை ஒரே நாளில் மறுத்தன. முன்கூட்டியே ஒரு மென்பொருளுக்குள் வைக்கப்பட்டிருந்த தடை அன்று விழித்துக்கொண்டது.

போலந்தில் நடந்ததை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. நெவாக் என்ற நிறுவனம் செய்த ரயில்கள், வேறொரு பட்டறையில் பராமரிப்பு முடிந்த பிறகு நகர மறுத்தன. இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை. அந்தப் பட்டறை, டிராகன் செக்டர் என்ற கணினி நிபுணர் குழுவை வரவழைத்தது. ரயிலின் மென்பொருளைப் பிரித்துப் படித்த அவர்கள், போட்டிப் பட்டறைகள் எங்கே இருக்கின்றன என்று குறிக்கும் வரைபட எண்கள் அதற்குள் எழுதப்பட்டிருந்ததாக 2023 டிசம்பரில் வெளியிட்டார்கள். அந்த இடங்களில் ரயில் சில நாள் நின்றால் தானே பூட்டிக்கொள்ளும் என்றார்கள். நெவாக் இதை மறுத்து வழக்குப் போட்டிருக்கிறது.

அமெரிக்க விவசாயிகளின் சண்டை ஜான் டியர் டிராக்டர்களைப் பற்றியது. பழுதின் காரணத்தைக் கண்டறியும் முழு மென்பொருள் நிறுவனத்தின் முகவர்களிடம் மட்டுமே இருந்தது. அறுவடை நேரத்தில் டிராக்டர் நின்றால் முகவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையமே நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. செம்பனைக் குலையை வெட்டியபின் ஆலைக்கு அனுப்பத் தாமதமானால் எண்ணெயின் தரம் என்ன ஆகும் என்று தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த விவசாயிகளின் அவசரம் உடனே புரியும்.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள்

பாதுகாப்பு என்பது முதல் காரணம். விரல் ரேகைப் பொத்தான் விஷயத்தில் இதில் நியாயம் உண்டு. போலிப் பொத்தானை வைத்து யாரும் கைப்பேசியைத் திறந்துவிடக் கூடாது. திருடிய கைப்பேசிகளைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்பதைத் தடுக்கலாம் என்பதும் உண்மைதான். மட்டமான பேட்டரி தீப்பிடிக்கும் என்ற பயமும் பொய்யில்லை. வீங்கிய பேட்டரியை நானே பார்த்திருக்கிறேன். அப்படி வீங்கியதைத் துளைக்கவோ அழுத்தவோ கூடாது, அதற்கு மறுபடி மின்னேற்றவும் கூடாது.

ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாப் பாகத்துக்கும் பொருந்தாது. அசல் திரையை இன்னோர் அசல் திரையால் மாற்றும்போது எந்த ரகசியம் வெளியே போகிறது? "இந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது" என்று ஒரு வரியில் காட்டினால் போதும். பழைய கைப்பேசி வாங்குகிறவருக்கும் அது உதவும். எச்சரிப்பதற்கும் முடக்குவதற்கும் நடுவில்தான் நான் கோடு போடுவேன். எச்சரிப்பது தகவல். முடக்குவது, விற்ற பொருளின் மேல் விற்றவர் தொடர்ந்து செலுத்தும் அதிகாரம்.

அதிகாரத்தை ஆசைப்பட்டுப் பயன்படுத்திய வரலாறும் இருக்கிறது. 1924இல் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை அமைத்தன. குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்கு இறக்க உடன்பட்டன. அதற்கு மேல் எரியும் பல்பைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதமே விதித்தார்கள். கடைத்தெருவில் சந்தேகப்படுகிறவர்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெளிநாடுகளில் வந்திருக்கும் சட்டங்கள்

பழுதுபார்க்கும் உரிமை என்பது, பொருளை வாங்கியவர் அதைத் தானே சரிசெய்யவும் தனக்குப் பிடித்த கடையில் கொடுக்கவும் தேவையான பாகம், கையேடு, கருவி மூன்றும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை. பிரான்ஸ் 2021 ஜனவரியில் கைப்பேசி, மடிக்கணினி, சலவை இயந்திரம் முதலியவற்றுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை விலைக்குப் பக்கத்தில் போட வைத்தது. பத்துக்கு எத்தனை என்று வாங்குகிறவர் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் நியூயார்க், மினசோட்டா, கலிபோர்னியா மாநிலங்களைத் தொடர்ந்து ஒரிகன் 2024 மார்ச்சில் சட்டம் போட்டது. பாகப் பிணைப்பைக் காரணமாக்கி வசதிகளை முடக்குவதை நேரடியாகத் தடுத்தது இதில்தான்.

நமக்கும் பயன் தரக்கூடியது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் கைப்பேசியின் பேட்டரி, 800 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். விற்பனை நின்றபின்னும் முக்கிய உதிரிபாகங்கள் 7 ஆண்டு கிடைக்க வேண்டும். மென்பொருள் அப்டேட் 5 ஆண்டு வர வேண்டும். ஒரே மாடலை உலகம் முழுவதும் விற்கும் நிறுவனம் ஐரோப்பாவுக்கு மட்டும் தனிப் பேட்டரி செய்வது கடினம். அங்கே போட்ட விதியின் பலன் இங்கேயும் கசியும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது

கைப்பேசி மந்தமானால் முதலில் பேட்டரி நிலையைப் பாருங்கள். ஐபோனில் அமைப்புகளுக்குள் பேட்டரி பகுதியில் அதன் கொள்ளளவு விழுக்காட்டில் இருக்கும். சாம்சுங்கில் மெம்பர்ஸ் செயலியின் சோதனைப் பகுதியில் பார்க்கலாம். ஐபோன் 80க்குக் கீழே காட்டினாலோ, மின்சாரம் மீதி இருக்கும்போதே கருவி அணைந்தாலோ, பேட்டரியை மாற்றிவிட்டுப் பிறகு புதுக் கைப்பேசியைப் பற்றி யோசிக்கலாம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சேமிப்பிடத்தைக் காலி செய்து பாருங்கள்.

திரையோ பேட்டரியோ மாற்றக் கொடுக்கும்போது, போடப்போவது ஓரியா (அசலா) காப்பியா என்று கேட்டால் மட்டும் போதாது. மாற்றிய பிறகு எந்த வசதி போகும், என்ன எச்சரிக்கை வரும் என்று வேலை தொடங்குமுன் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். பாகப் பிணைப்பால் வசதி போனால் பழி விழுவது அவர் தலையில்தான். அந்த ஒரு வரி அவரையும் காப்பாற்றும்.

நம் நாட்டுச் சட்டத்தில் இருப்பது

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 37ஆம் பிரிவை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பொருளை விற்ற பிறகு நியாயமான காலம்வரை, அதைப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நியாயமான முயற்சி எடுப்பார்கள் என்ற உத்தரவாதத்தை அது தருகிறது. ரசீதில் எழுதியிருக்காவிட்டாலும் இந்த உத்தரவாதம் உண்டு. அதில் ஒரு விலக்கும் இருக்கிறது: பழுதுபார்ப்புக்கோ உதிரிபாகத்துக்கோ பொறுப்பேற்க மாட்டோம் என்று விற்கும்போதோ அதற்கு முன்போ முறையாக அறிவித்துவிட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது. அதனால் தவணைத் தாளில் கையெழுத்துப் போடுமுன் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று படிக்க வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ பொடி எழுத்தில் இருந்தால், வாசித்துச் சொல்லக்கூடிய பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள்.

பாகப் பிணைப்பை இந்தச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. 1999இல் அப்படி ஒன்றை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரிகனில் வந்தது போன்ற தெளிவான விதி இங்கேயும் சேர்க்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். உதிரிபாகமே இல்லை என்று கைவிரிக்கும் விற்பனையாளர் மேல் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். 50,000 ரிங்கிட்வரையான கோரிக்கையை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். விசாரணையில் இரு தரப்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாது என்பதால், பெரிய நிறுவனத்துக்கு எதிரிலும் நீங்களே உட்கார்ந்து பேசலாம். வாங்கிய ரசீது, பழுதுபார்க்க மறுத்த கடிதம் அல்லது வாட்ஸ்அப் பதில், கைப்பேசி காட்டும் எச்சரிக்கையின் படம் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்துவையுங்கள். மனுவை எழுதத் தடுமாறினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம்.